வெஸ்ட்வில் சிறையில் நம் ஆள்: கையிலிருக்கும் காசை எங்கே போடுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வீட்டிலிருந்து யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பேர் பத்து யோசனை சொல்லிவிடுவார்கள். பத்திலும் தவறாமல் வருவது ஒன்று: "நல்ல வக்கீலாப் புடி." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி, வீட்டு நகையும் மாமியாரின் சேமிப்பும் பிள்ளையின் படிப்புக்காசும் முதல் வாரத்திலேயே கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் கோயிலில் உதவிக்குழு ஒன்று இருக்கிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ பக்கத்திலிருந்து இந்த மாதிரி அழைப்புகள் வந்தால் பெரும்பாலும் என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். நான் வக்கீல் இல்லை. எந்தக் கதவைத் தட்டலாம், எதற்குக் காசு கொடுக்கலாம், எது இலவசமாகவே கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவதோடு என் வேலை முடிந்தது.

என் நிலைப்பாடு என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வக்கீலுக்குக் கொடுத்த காசு திரும்பி வராது. ஜாமீனுக்குக் கட்டிய காசு, ஆள் ஒழுங்காக நீதிமன்றத்துக்கு வந்து நிபந்தனைகளையும் மதித்து நடந்தால், கடைசியில் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தாலும் திரும்பி வரும். ஆகவே காசு குறைவாக உள்ள குடும்பம் அதை ஜாமீனுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். வக்கீல் விஷயத்தில் இலவசமாகக் கிடைப்பதை முதலில் பார்க்க வேண்டும். இதற்கு விலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன்.

எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால், ஆள் ஏன் உள்ளே இருக்கிறார் என்று கேளுங்கள். சிரிக்க வேண்டாம், பாதிக் குடும்பங்களுக்கு இதற்குப் பதில் தெரியாது. இன்னும் ஜாமீன் விசாரணையே நடக்கவில்லையா? நடந்து, மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டாரா? அல்லது ஜாமீன் கொடுத்தாகிவிட்டது, கட்டத்தான் காசு இல்லையா? மூன்றும் மூன்று விதமான சிக்கல். மூன்றாவது வகையில் மாட்டிக்கொண்டு, முதல் வகைக்கான வக்கீலைத் தேடி அலைகிறவர்கள் நிறைய. ஆயிரம், இரண்டாயிரம் ரேண்ட் கட்ட வழியில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஆட்கள் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் இருக்கிறார்கள் என்பதைச் சிறைகளின் கண்காணிப்பு நீதிபதி அலுவலகமே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது.

முதல் 48 மணி நேரம்

இந்த நேரத்தில் செலவே இல்லாமல் செய்யக்கூடியது நிறைய. கைதான 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அது வார இறுதியில் முடிந்தால் அடுத்த வேலை நாளில். சிறிய குற்றச்சாட்டு என்றால் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் நிலையத்திலேயே அதிகாரி ஜாமீன் கொடுக்கலாம். அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள வகைக்கு அரசு வழக்கறிஞர் கொடுக்கலாம், அதுவும் நீதிமன்ற நேரத்துக்கு வெளியே, ராத்திரியிலும். கேட்டால்தான் நடக்கும். வீட்டுக்குள் நடந்த அடிதடி வழக்கு என்றால் மட்டும் இந்த வழிகள் கிடையாது. 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் குடும்ப வன்முறை வழக்குகளில் போலீஸும் அரசு வழக்கறிஞரும் ஜாமீன் கொடுப்பதைத் தடுத்துவிட்டது, மாஜிஸ்திரேட் முன்னால்தான் போக வேண்டும். அடிபட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான திருத்தம்தான்.

முதல் நாள் நீதிமன்றத்தில் பெரும்பாலும் வழக்கைத் தள்ளிவைப்பார்கள். ஜாமீன் விசாரணையை ஒரு தடவைக்கு ஏழு நாளுக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது. அந்த ஏழு நாளில்தான் ஆள் போலீஸ் நிலையத்திலிருந்து வெஸ்ட்வில் சிறைக்குப் போகிறார். அங்கே ஆண் விசாரணைக் கைதிகளை வைப்பது மீடியம் ஏ என்கிற பகுதியில். மஞ்சள் உடுப்பில் ஆளைப் பார்த்ததும் தண்டனையே கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அழுகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் விசாரணைக் கைதிக்கு, ஆரஞ்சு தண்டனைக் கைதிக்கு. நீதிமன்றத்துக்குச் சிறை உடுப்பில் கொண்டுவரக் கூடாது என்பதால், துவைத்த சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

ஏழு நாள் தள்ளிவைக்கப் பெரும்பாலும் சொல்லும் காரணம் முகவரிச் சரிபார்ப்பு. விசாரணை அதிகாரி கொடுத்த முகவரிக்கு வந்து, இந்த ஆள் இங்கேதான் இருக்கிறாரா, வெளியே விட்டால் இங்கேதான் இருப்பாரா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். நம் ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஃபீனிக்ஸில் ஒரு வீட்டின் பின்புற அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருப்பவனுக்கு அவன் பெயரில் தண்ணீர் பில் கிடையாது, மின்சாரப் பில் கிடையாது, வாடகை ஒப்பந்தமும் வாய்ப்பேச்சுதான். அதிகாரி பகலில் வந்து கேட்டைத் தட்டும்போது வீட்டுக்காரம்மா வேலையில். முன்வீட்டு ஆயா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக "தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார். முகவரி சரிபார்க்கப்படவில்லை. இன்னும் ஏழு நாள்.

இதைத் தடுக்க எந்தப் பெரிய வக்கீலும் வேண்டாம். வீட்டுக்காரம்மா தன் பெயரிலுள்ள நகராட்சி பில்லோடும் அடையாள அட்டையோடும் போலீஸ் நிலையத்துக்குப் போய், "இவர் என் வீட்டில்தான் இருக்கிறார், இனியும் இருக்கலாம்" என்று ஒரு சத்தியக்கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். போலீஸ் நிலையத்தில் அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். அப்புறம் விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் வாங்கி, எந்த நேரம் வீட்டில் ஆள் இருக்கும் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். தனியார் வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்குத்தான் போகிறது. இதை நீங்களே செய்யலாம்.

சும்மா கிடைக்கும் வக்கீலும் காசு கேட்கும் வக்கீலும்

லீகல் எய்ட் வக்கீலைப் பற்றி நம்மவர்களிடம் ஓர் இளக்காரம் உண்டு. சும்மா வருகிறவன் என்ன செய்வான் என்பார்கள். நான் பார்த்த வரையில் அது பாதிதான் உண்மை.

லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா என்பது 2014-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் அரசு அமைப்பு. வருமானமும் சொத்தும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். நீதிமன்றத்தில் முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம், சிறைக்குள்ளிருந்தும் கேட்கலாம். 0800 110 110 என்ற இலவச எண்ணில் வீட்டார் ஆலோசனை கேட்கலாம். அவர்களுடைய வக்கீல் தினமும் அதே நீதிமன்றத்தில் நிற்பவர். அந்த மாஜிஸ்திரேட் எதைக் கேட்பார், அந்த அரசு வழக்கறிஞர் எதற்கு இறங்கி வருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைத்திருட்டு, சின்னக் கைகலப்பு, கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருந்த வழக்கு போன்றவற்றில் அந்த அனுபவம் போதும்.

போதாத இடம் எது? நேரம். அவர் கையில் ஒரே நாளில் ஏகப்பட்ட கோப்புகள். உங்கள் பையனை அவர் முதல்முதலாகப் பார்ப்பது நீதிமன்றத்தின் கீழ்த்தளத்து அறையில், அதுவும் பெயர் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து பிராந்திய நீதிமன்றத்துக்கு மாறினால் வக்கீலும் மாறலாம், புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

தனியார் வக்கீல் கொடுப்பது அந்த நேரத்தைத்தான். வெஸ்ட்வில் போய் ஆளைப் பார்ப்பார், விசாரணை அதிகாரியைத் துரத்துவார், சத்தியக்கடிதத்தை நிதானமாக எழுதுவார். அந்த நேரம் தேவைப்படுகிற வழக்குதான் நான் முன்னால் சொன்ன விலக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாம், ஆறாம் அட்டவணை என்று நீதிமன்றத்தில் பேசிக்கொள்வார்கள். கொலை, ஐந்து லட்சம் ரேண்டுக்கு மேற்பட்ட மோசடி போன்றவை ஐந்தாவது. திட்டமிட்ட கொலை, துப்பாக்கி காட்டிய கொள்ளை போன்றவை ஆறாவது. மற்ற பெரும்பாலான வழக்குகளில் இவரை ஏன் வெளியே விடக் கூடாது என்று அரசுதான் காட்ட வேண்டும். இந்த இரண்டிலும் அது தலைகீழ். தன்னை விடுவதுதான் நியாயம் என்று உள்ளே இருப்பவரே காட்ட வேண்டும், ஆறாவதில் விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதாகவும் நிரூபிக்க வேண்டும். "அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கு" என்பது அங்கே எடுபடாது. எல்லோருக்கும்தான் பிள்ளைகள்.

இதில் இரண்டு ஆபத்து. ஒருமுறை மறுத்துவிட்டால், புதிய விவரம் ஏதும் இல்லாமல் அதே விண்ணப்பத்தை மறுபடி போட முடியாது; உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், அது இன்னொரு செலவு. அடுத்தது, ஜாமீன் விசாரணையில் சொன்னதெல்லாம் வழக்கின் பதிவோடு சேர்ந்துவிடும். பதற்றத்தில் உளறியது ஒரு வருடம் கழித்து வழக்கு விசாரணையில் எதிராக வந்து நிற்கும். பழைய தண்டனையையோ நிலுவையிலுள்ள வேறு வழக்கையோ மறைத்தால் அதுவே தனிக் குற்றம். ஆகவே ஐந்தாம், ஆறாம் அட்டவணை வழக்கில் முதல் ஜாமீன் விண்ணப்பத்துக்கு நேரமும் அனுபவமும் உள்ள வக்கீலுக்குக் காசு செலவழிப்பது வீண் அல்ல. மற்றபடி அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜாமீனுக்கென்று வைத்த தனியார் வக்கீலை வழக்கு முழுவதற்கும் தொடரலாம் என்று நினைத்துத் தொடங்குவார்கள். மூன்றாவது, நான்காவது ஒத்திவைப்பில் காசு தீர்ந்துபோகும். வக்கீல் விலகிக்கொள்வார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. புது ஆள் வரும்வரை வழக்கு மறுபடி தள்ளிப்போகும், உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். அதற்குப் பதிலாக முதலிலேயே "ஜாமீன் வரைக்கும் மட்டும்" என்று எழுத்தில் பேசிக்கொண்டு, வழக்கை லீகல் எய்டிடம் கொடுப்பது நல்ல வழி. தனியார் வக்கீலுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று லீகல் எய்டில் கேட்கலாம். அக்கா கொடுத்தது, கடன் வாங்கியது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

தனியார் வக்கீலைப் பிடிப்பதென்று முடிவுசெய்தால் இதைப் பாருங்கள். கட்சிக்காரர் காசை வாங்கிவைக்க வக்கீலுக்குத் தேவையான ஃபிடலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா, அந்தக் காசைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்கில் போடச் சொல்கிறாரா, ரசீது தருகிறாரா? குறை இருந்தால் புகார் கொடுக்கும் இடம், வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சில். "பெயில் உறுதியா வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையான எந்த வக்கீலும் அதைச் சொல்லமாட்டார். நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, தனக்கு உள்ளே ஆள் தெரியும் என்பவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜாமீன் கிடைத்தும் கட்ட முடியாதபோது

"அங்கிள், அஞ்சாயிரம் போட்டுட்டாங்க, எங்ககிட்ட எண்ணூறுதான் இருக்கு" என்று ஓர் அம்மா தொலைபேசியில் சொல்கிறார். இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தவறான பக்கம் ஓடுகின்றன. மஷோனிசாவிடம், அதாவது உள்ளூர்க் கந்துவட்டிக்காரரிடம், போய் மாத வட்டிக்கு வாங்குவார்கள். வழக்கு முடிய வருஷம் ஒன்று, ஒன்றரை ஆகலாம். அதுவரை ஜாமீன் காசு அரசிடம், வட்டியோ உங்கள் தலையில். கடைசியில் ஐயாயிரம் திரும்பிவரும்போது அதைப்போல இரண்டு மடங்கு வட்டியாகப் போயிருக்கும். என்னைக் கேட்டால், இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றிலும் மோசமான வழி இதுதான்.

சட்டமே இதற்குக் கொஞ்சம் வழி வைத்திருக்கிறது. ஜாமீனுக்கு ஒரு தொகையை நிபந்தனையாக வைப்பதென்றால், அதைக் கட்ட இவருக்கு வசதி இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் தனியாக விசாரிக்க வேண்டும். எதையும் கட்ட முடியாதவர் என்றால் காசில்லாத நிபந்தனைகளை யோசிக்க வேண்டும்: வாரம் இரண்டுமுறை போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போடுவது, நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வை போன்றவை. "இவ்வளவு கட்ட முடியுமா?" என்று கேட்கும்போது கூண்டில் நிற்பவர் மானத்துக்குப் பயந்து தலையாட்டிவிடுகிறார். தலையாட்டக் கூடாது. சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, கையில் எவ்வளவு என்று உள்ளபடி சொல்ல வேண்டும். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொகை போட்டாகிவிட்டதா? குறைக்கச் சொல்லி அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். லீகல் எய்ட் வக்கீலே அதைச் செய்துவிடுவார். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிறை நெரிசல் மனித கண்ணியத்துக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான நிலைக்குப் போயிருந்தால், சிறிய குற்றச்சாட்டில் ஜாமீன் கிடைத்தும் கட்ட முடியாமல் இருப்பவருக்காகச் சிறைத் தலைவரே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 63ஏ என்ற பிரிவு வழிசெய்கிறது. அது தானாக நடக்காது. "63ஏ-யில் என் பெயரைச் சேர்க்க முடியுமா?" என்று உள்ளே இருப்பவர் கேட்க வேண்டும், வெளியே இருப்பவர் எழுத வேண்டும்.

காசு திரட்டிக் கட்டுவதென்றால் யார் பெயரில் கட்டுகிறோம் என்று யோசியுங்கள். வழக்கு முடிந்ததும் கட்டியவரிடமே காசு திரும்பும். சித்தப்பா கட்டினால் சித்தப்பாவிடம். இதில் சகோதரர்களுக்குள்ளே மனத்தாங்கல் வந்து, பல வருஷம் பேசாமல் இருக்கும் வீடுகள் உண்டு. யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரசீது மை மங்கிப்போகும். ஒரு நகல் எடுத்து, ஒன்றைச் சாமி படத்துக்குப் பின்னாலும் இன்னொன்றைத் தொலைபேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். தேதிக்குப் போகாவிட்டால் ஜாமீன் காசு பறிபோகும். ஆனால் 14 நாளுக்குள் போய், தவறு தன்னுடையதல்ல என்று காட்டினால் காப்பாற்றலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டாக்டர் கடிதத்தோடு ஓடுங்கள்.

அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் கட்டும் தொழில் இங்கே சட்டப்படி கிடையாது. இன்னொருவருக்காக ஜாமீன் கட்டுபவர் அதனால் லாபம் பார்க்கக் கூடாது. காசு பறிபோனால் நான் ஈடுசெய்கிறேன் என்று வேறொருவர் அவருக்கு உறுதி கொடுத்திருக்கவும் கூடாது. அப்படிச் சந்தேகம் வந்தாலே அதிகாரி காசை வாங்க மறுக்க வேண்டும். "கோயில் சார்பில் ஒரு ஜாமீன் நிதி வைக்கலாமே" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து கேட்பார்கள். கோயில் பொருளாளர் கட்டுவார், போனால் பையனின் அண்ணன் கொடுத்துவிடுவான் என்ற ஏற்பாடு இந்த விதியில்தான் போய் மோதுகிறது. வக்கீலிடம் கேட்காமல் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

இந்த நாட்டில் ஜாமீன் தொகைக்கும் வினோதமான வரலாறு உண்டு. 1956 டிசம்பரில் தேசத்துரோக வழக்கில் 156 பேரைப் பிடித்தபோது வெள்ளையருக்கு 250 பவுண்டு, இந்தியருக்கு 100 பவுண்டு, ஆப்பிரிக்கருக்கு அதற்கும் குறைவு என்று நிறத்துக்கு நிறம் விலை வைத்தார்கள். ஒரே வழக்கு, ஒரே குற்றச்சாட்டு. நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர், நம் டாக்டர் மான்டி நாயக்கரும் அந்த 156 பேரில் ஒருவர்.

உள்ளே இருக்கும்போது

ஜாமீன் உடனே கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கவலை மருந்து. நம் குடும்பங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. மாத்திரைப் பொட்டலத்தை வாசலில் கொடுத்தால் உள்ளே போகும் என்று நம்பாதீர்கள். மருந்துச்சீட்டு, கிளினிக் அட்டை, டாக்டர் கடிதம் மூன்றின் நகலையும் சிறை மருத்துவப் பிரிவுக்கென்று எழுதிக் கொடுங்கள். சிறைத் தலைவர் அனுமதித்தால் சொந்த டாக்டரையும் வரவழைக்கலாம், செலவு உங்களுடையது. சாப்பாட்டில் மத வழக்கத்தை முடிந்தவரை மதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புரட்டாசியில் மரக்கறிதான் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

அடிக்கிறார்கள், மருந்து தருவதில்லை, படுக்க இடமில்லை என்றால் அது வக்கீலின் வேலை அல்ல, குறைந்தது முதலில் அல்ல. ஒவ்வொரு நாளும் புகார் சொல்லும் வாய்ப்பைக் கைதிக்குச் சிறை கொடுக்க வேண்டும். அதில் பலன் இல்லையென்றால் சுதந்திரப் பார்வையாளர் என்று ஒருவர் வருவார். கண்காணிப்பு நீதிபதி அலுவலகம் நியமிப்பவர். கைதியோடு தனியாகப் பேசலாம், புகாரைப் பதிவு செய்வார், சிறைத் தலைவரிடம் பேசுவார், முடியாவிட்டால் மேலே அனுப்புவார். இலவசம். ஆனால் அவரால் ஜாமீன் வாங்கித் தர முடியாது, வக்கீல் வைத்துக் கொடுக்கவும் முடியாது. வழக்கைப் பற்றி அவரிடம் புலம்பி நேரத்தைப் போக்க வேண்டாம்.

சாமியாரோ பூசாரியோ போவதற்கும் உரிமை இருக்கிறது. கைதி தான் விரும்பிய மத ஆலோசகரைச் சந்திக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவே சொல்கிறது. இது வழக்கை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது. ஆனாலும் முதன்முறை உள்ளே போன இருபது வயதுப் பையனுக்கு, வீட்டாரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார். நான் இதைக் குறைவாக மதிப்பிடமாட்டேன்.

நிக்ரோ என்ற பெயரை யாராவது சொல்லியிருப்பார்கள். 1910-இல் தொடங்கிய பழைய அமைப்பு. அவர்களுடைய பலம் ஜாமீனில் இல்லை. முதல்முறை சிறு தவறு செய்தவரை, அரசு வழக்கறிஞர் சம்மதித்தால், வழக்கிலிருந்து விலக்கித் திருத்தத் திட்டத்தில் சேர்ப்பதுதான் அவர்கள் நன்றாகச் செய்வது. அதில் சேர, நடந்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும். செய்யவே இல்லை என்று சாதிப்பவருக்கு அது பொருந்தாது.

இரண்டு வருஷம் ஆகியும் வழக்கு முடியவில்லை என்றால், அதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோவது சிறையின் கடமை. சிறைச் சட்டத்தின் 49ஜி பிரிவு என்று கேளுங்கள். விடுதலை நிச்சயம் என்று அர்த்தமில்லை. ஆனால் கோப்பு மேசைக்கு வரும்.

வீட்டில் மிச்சமிருப்பவர்கள்

சம்பாதிப்பவர் உள்ளே போனால் வீட்டுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கும் எஸ்ஏஎஸ்எஸ்ஏ அலுவலகத்தில் அவசர உதவி கேட்கலாம். சாப்பாட்டுப் பொருளாகவோ வவுச்சராகவோ கொஞ்ச காலத்துக்குக் கிடைக்கலாம். பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகையையும் அம்மா பெயரில் கேளுங்கள். வெட்கப்படுகிற விஷயம் இதில் ஒன்றுமில்லை. சிறையிலிருப்பதால் வேலைக்கு வர முடியவில்லை என்று முதலாளி நீக்கிவிட்டால், 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ-யில் புகார் போடலாம், கட்டணமில்லை. வீட்டைக் காலிசெய்யச் சொன்னாலோ ஜீவனாம்சப் பிரச்சினை வந்தாலோ பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம் நல்ல இடம். குற்ற வழக்குக்கு அங்கே போவது அவ்வளவு பொருத்தமில்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர் மாட்டினால், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இந்தியர்களுக்கு டர்பனிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. அவர்கள் வந்து பார்ப்பார்கள், ஊருக்குத் தகவல் சொல்வார்கள். வக்கீல் காசும் ஜாமீன் காசும் அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். இங்கிலீஷ் சரியாகப் புரியாதவர் முதல் நாளிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். புரிந்த மாதிரி "யெஸ் சார்" போட்டுவிட்டால் அப்புறம் அதை மாற்றுவது கஷ்டம்.

சரி, எங்கள் உதவிக்குழுவின் பெட்டியில் இருக்கும் கொஞ்சக் காசை எதற்கு வைப்பது? மூன்று யோசனை மேசையில் இருக்கிறது. ஜாமீன் நிதி ஒன்று, அதன் சிக்கலைச் சொல்லிவிட்டேன். மாதச் சம்பளத்துக்கு ஒரு வக்கீல் இரண்டாவது. ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பதற்கு நாங்கள் ஏன் இன்னொருமுறை காசு கொடுக்க வேண்டும்? மூன்றாவது, முதல் நீதிமன்ற நாளில் குடும்பத்தோடு போய் நிற்க இரண்டு பேரைப் பழக்கி, அவர்களுக்கு டாக்ஸிக்கும் தொலைபேசிக்கும் கொடுப்பது. வீட்டுக்காரம்மாவின் சத்தியக்கடிதம் கையில் இருக்கிறதா, சம்பளச்சீட்டு இருக்கிறதா, லீகல் எய்ட் மேசை எந்த மாடியில், விசாரணை அதிகாரி வந்திருக்கிறாரா என்று பார்க்கும் ஆட்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து வெஸ்ட்வில் போக நகரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டிய அம்மாவுக்கு அந்த டாக்ஸிக் காசும் பெரிய விஷயம்தான். பொருளாளர் இன்னும் ஜாமீன் நிதியையே பிடித்துக்கொண்டிருக்கிறார். என் ஓட்டு மூன்றாவதுக்கு.